உப்புக்காற்றில் மின்புலம்: எந்தச் சோதனைக் கருவிக்குப் பணம் போடுவது?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியோ கல்லூரியோ மின்புலத்தையும் மின்னூட்டத்தையும் செய்துகாட்டக் கருவி வாங்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். விலைப்பட்டியலைப் புரட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தச் சோதனையில் மின்னூட்டம் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? அக்ரிலிக் தண்டின் மேலா, கண்ணாடிக் குழாயின் அடிப்பகுதியிலா, காற்றில் மிதக்கும் துளியின் மேலா, இல்லை தடித்த கம்பிக்குள்ளேயா? தேவனாம்பட்டினத்துக் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஆய்வகத்தில் எது ஓடும், எது அலமாரியில் தூங்கும் என்பதைப் பெரும்பாலும் இந்தப் பதிலே முடிவு செய்துவிடும்.

இங்கே ஒப்பிடப்படுபவை ஐந்து: ஓடும் பெல்ட்டால் உலோகக் கோளத்தில் மின்னூட்டம் சேர்க்கும் வான் டி கிராஃப் வகை நிலைமின்னியல் கருவிகள், தண்ணீர்த் தட்டில் மின்புலம் வரைதல், எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளக்கும் மில்லிகனின் எண்ணெய்த் துளி, ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறும் ஒளிமின் விளைவு, எதிர்த்திசை வோல்ட் ஒரு அளவைத் தாண்டினால் மின்னோட்டத்தை விடும் செனார் டையோடு இணை. முதல் இரண்டும் பழைய, அதாவது செவ்வியல் இயற்பியல். மூன்றாவது நடுவில் நிற்கிறது: துளி நியூட்டன் சொன்னபடி நகர்கிறது, அதன் மேலுள்ள மின்னூட்டம் மட்டும் படிப்படியாகத்தான் மாறுகிறது. கடைசி இரண்டும் குவாண்டம். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கைக்காசு குறைவென்றால் தண்ணீர்த் தட்டும் செனார் இணையும் போதும். பணம் இருந்தால் அடுத்ததாக மில்லிகன். ஒளிமின் கருவியைக் குளிர்சாதன அறை இருந்தால் மட்டும் வாங்கலாம். வான் டி கிராஃபை வாங்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆண்டுவிழாக் கண்காட்சிக்கு அது நல்ல ஈர்ப்பு.

வான் டி கிராஃபும் தங்க இலை மின்காட்டியும்

15 செ.மீ. ஆரமுள்ள கோளத்தின் மின்தேக்குத்திறன் சுமார் 17 பிக்கோஃபாரட். உலர்ந்த காற்று மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் வரை தாங்கும் என்பதால், கணக்குப்படி அந்தக் கோளம் 4.5 லட்சம் வோல்ட் வரை ஏற வேண்டும். நடைமுறையில் இணைப்பு விளிம்பு, தூசி, பெல்ட்டின் பிசிறு எல்லாம் சேர்ந்து அதில் பாதியைக்கூட எட்ட விடுவதில்லை. கடற்கரையில் இன்னும் கீழே.

காரணத்தை எண்ணில் பார்ப்பது நல்லது. மின்னூட்டம் ஏறினால் மெல்லிய தங்க இலை விரிந்து காட்டும் ஒரு மின்காட்டியின் மின்தேக்குத்திறன் சுமார் 10 பிக்கோஃபாரட். அதன் மின்காப்பின் (இலையைத் தாங்கும், மின்சாரம் கடத்தாத பகுதியின்) மின்தடை 10¹³ ஓம் என்றால் மின்னூட்டம் 100 விநாடி அளவுக்கு நிற்கும். இலை விரிந்திருப்பதை வகுப்பு முழுக்க வந்து பார்க்கலாம். காப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் படிந்து, அது காலை ஈரத்தை உறிஞ்சி, மின்தடை 10¹⁰ ஓமுக்கு இறங்கினால் அதே மின்னூட்டம் பத்தில் ஒரு விநாடியில் காலி. இலை ஒரு துடி துடித்துவிட்டுப் படுத்துவிடும். கடலோர மின்கம்பங்களில் பனி இறங்கும் விடியலில் பீங்கான் இன்சுலேட்டர்கள் சடசடப்பதும் இதே உப்பு, இதே ஈரம்தான்.

பலர் ஈரக்காற்று மின்னூட்டத்தைக் கடத்திவிடுகிறது என்று நினைக்கிறார்கள். ஈரக்காற்று தன்னளவில் அப்படி ஒன்றும் நல்ல கடத்தி இல்லை. கசிவு நடப்பது காப்பின் மேற்பரப்பில். எனவே பரிகாரமும் அங்கேதான்: ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் தண்டைத் துடைத்து, அதன்பின் விரல் படாமல் வைத்து, ஹேர் டிரையரால் ஐந்து நிமிடம் சூடேற்ற வேண்டும். துடைக்காமல் சூடு மட்டும் காட்டினால் உப்பு அங்கேயே இருக்கும். ஆறியதும் மறுபடி ஈரம் பிடிக்கும். அக்ரிலிக்கை விட டெஃப்லான் தண்டு தாங்கும், அதன் மேற்பரப்பில் நீர் படலமாகப் பரவாது. கருவியை 60 வாட் குண்டு பல்பு எரியும் மரப்பெட்டியில் வைத்திருந்து வகுப்புக்குச் சற்று முன் எடுப்பது பழைய ஆய்வக உதவியாளர்களின் வழக்கம். இன்றைக்கும் அதை மிஞ்சிய வழி இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த உபாயமும் கால்மணி நேரத்துக்கு மேல் கைகொடுக்காது. மேல்காற்று அடிக்கும் ஆனி மாதத்து நண்பகலில், கடற்காற்று ஏறுவதற்கு முன், சோதனை தானாகவே நன்றாக வரும்.

செவ்வியல் மின்னூட்டத்தைப் பற்றி இது காட்டுவது என்ன? ஒத்தவை விலகும், மின்னூட்டம் கடத்தியின் வெளிப்பரப்பில் நிற்கும், கூர்முனையில் புலம் அதிகம். இவ்வளவும் முக்கியம்தான், ஆனால் ஒன்றையும் அளக்க முடிவதில்லை. நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பலை மின்நிலைத் துகள் பிடிப்பான்கள் பிடிப்பதும் இந்தக் கூர்முனை விளைவால்தான்: மெல்லிய கம்பிக்குப் பல்லாயிரம் வோல்ட் எதிர் மின்னழுத்தம் கொடுத்து, சுற்றியுள்ள காற்றை அயனியாக்கி, சாம்பலுக்கு மின்னூட்டம் ஏற்றி, தகட்டுக்கு இழுக்கிறார்கள். மாவட்டத்துக்குள்ளேயே இவ்வளவு பெரிய நிலைமின்னியல் கருவி இருக்கும்போது வகுப்பில் அதைச் சொல்லாமல் விடுவது வீண்.

தண்ணீர்த் தட்டு

மலிவு, ஈரத்துக்கு அஞ்சாது, எண்ணோடு விடை தரும். 30 × 20 செ.மீ. அளவில் தட்டையான அடிப்பாகமுள்ள பிளாஸ்டிக் அல்லது கண்ணாடித் தட்டு, அதன் கீழ் வரைபடத்தாள், உள்ளே 5 முதல் 8 மி.மீ. ஆழத்துக்குத் தண்ணீர், இரண்டு பித்தளை மின்முனைகள், 6 வோல்ட் மாறுமின்னோட்டம் தரும் மின்மாற்றி, ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். மீட்டரின் ஒரு முனை ஒரு மின்முனையோடு இணைந்திருக்கும்; மறுமுனையைத் தண்ணீரில் நகர்த்தி 1, 2, 3, 4, 5 வோல்ட் வரும் புள்ளிகளைக் குறித்துக் கோடு இணைத்தால் சமமின்னழுத்தக் கோடுகள் கிடைக்கும். பக்கத்துப் பக்கத்து இரு கோடுகளுக்கு இடையிலான வோல்ட்டை மீட்டர் கணக்கிலான தூரத்தால் வகுத்தால் மின்புலம். மின்மாற்றி இல்லாமல் வீட்டு இணைப்பை நேராகக் கொடுப்பது உயிருக்கு ஆபத்து. அதைப் பற்றி யோசிக்கவே கூடாது.

தவறுவது எங்கே? முதல் தவறு பேட்டரி. நேர்மின்னோட்டம் கொடுத்தால் மின்முனையில் குமிழ் கட்டும். தண்ணீருக்கும் உலோகத்துக்கும் இடையிலேயே ஒன்றிரண்டு வோல்ட் விழுந்துவிடும். மீதி நான்கு வோல்ட்தான் தட்டில் பரவும். கோடுகள் எல்லாம் நகர்ந்து நிற்கும். இரண்டாவது தவறு தண்ணீர். கடலூர்ப் பகுதி போர் தண்ணீர் இதற்கு அருமையானது: உப்பு இருப்பதால் சில மில்லிஆம்பியர் ஓடும், அளவு நிலையாக நிற்கும். கடல்நீர் கூடாது. அதன் மின்தடை மிகக் குறைவு என்பதால் மின்முனைத் தொடர்பின் மின்தடையே ஆதிக்கம் செலுத்தும். மூன்றாவது, பழைய முள் மீட்டர். அது தானே மின்னோட்டத்தை இழுத்து, அளக்க வந்த புலத்தையே மாற்றிவிடும்.

ஒரு சரிபார்ப்பு எப்போதும் செய்ய வேண்டும். நடுவில் 1 செ.மீ. ஆரமுள்ள உருளை, சுற்றி 8 செ.மீ. ஆரமுள்ள வளையம், இடையில் 6 வோல்ட். பாதி மின்னழுத்தமான 3 வோல்ட் எங்கே வரும்? பாடநூலில் கோளத்துக்குப் படித்த தூரத்தின் தலைகீழ் விதியைப் போட்டால் 1.78 செ.மீ. என்று விடை வரும். தட்டில் அளந்தால் 2.83 செ.மீ. தட்டு சரி, சூத்திரம்தான் பொருந்தவில்லை. இங்கே புலம் இரு பரிமாணத்தில் பரவுகிறது. மின்னழுத்தம் மடக்கை விதிப்படி குறைகிறது. பாதி மதிப்பு 1-இன், 8-இன் பெருக்குச் சராசரியில் விழும். மின்னழுத்தம் வெளியில் எப்படிப் பரவும் என்பதைத் தீர்மானிக்கும் லாப்லாஸ் சமன்பாட்டைப் பற்றி இந்த ஒரு அளவீடு மாணவருக்குச் சொல்வதை, கரும்பலகையில் ஒரு மணி நேரம் எழுதினாலும் சொல்ல முடியாது.

அடுத்து, தட்டின் நடுவில் ஒரு செம்பு வளையலை வைத்து உள்ளே தொட்டுப் பாருங்கள். எங்கே தொட்டாலும் ஒரே வோல்ட், மின்புலம் சுழி. ஃபாரடே கூண்டு இதுதான். வளையல் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு மேலே சற்று நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், வெறும் உலோகமாக இருக்க வேண்டும். வார்னிஷ் அடித்த கவரிங் வளையல் வேலைக்கு ஆகாது.

இந்தத் தட்டில் ஒரு இடத்திலும் எலக்ட்ரானின் மின்னூட்டம் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 3 மில்லிஆம்பியர் என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 2 × 10¹⁶ தனி மின்னூட்டங்கள். அந்தக் கூட்டத்தில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் எந்த மீட்டருக்கும் தெரியாது. செவ்வியல் மின்புலம் தொடர்ச்சியான பொருளாக நடந்துகொள்வதற்கு இந்தப் பெருந்தொகையே காரணம்.

மில்லிகன்: விலை அதிகம், ஈரம் பிரச்சினை இல்லை

1909 தொடங்கி ராபர்ட் மில்லிகனும் அவருடைய மாணவர் ஹார்வி ஃபிளெட்சரும் செய்த இந்தச் சோதனைக்கான கருவி இன்று பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். ஆனால் உப்புக்காற்றைப் பொறுத்தவரை இதற்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. மின்னூட்டம் காற்றில் மிதக்கும் துளியின் மேல் இருக்கிறது. அதைத் தாங்கும் தண்டு இல்லை, கசிய மேற்பரப்பு இல்லை. தகடுகளுக்கு மின்கலத் தொகுதியோ மின்வழங்கியோ தொடர்ந்து வோல்ட் கொடுத்துக்கொண்டே இருப்பதால் அங்கே கொஞ்சம் கசிந்தாலும் கவலையில்லை.

எண்களைப் பார்ப்போம். அரை மைக்ரோமீட்டர் ஆரமுள்ள எண்ணெய்த் துளி புலம் இல்லாதபோது அரை மில்லிமீட்டர் விழ 16, 17 விநாடி எடுக்கும். தகடுகளின் இடைவெளி 6 மி.மீ. என்றால், ஒரே ஒரு எலக்ட்ரான் கூடுதலாக இருக்கும் அந்தத் துளியை அசையாமல் நிறுத்த 170 வோல்ட் தேவை. இரண்டு எலக்ட்ரான் இருந்தால் 85, மூன்று என்றால் 57. ஒரே அளவுள்ள துளிகளுக்கு இடைப்பட்ட மதிப்புகள் வருவதே இல்லை என்பதுதான் சோதனையின் உயிர்.

புதிதாகச் செய்பவர்கள் பளிச்சென்று தெரியும் பெரிய துளியைத் தேர்ந்தெடுப்பார்கள். அது நான்கைந்து விநாடியில் விழுந்துவிடும். கை தாமதமே ஐந்து விழுக்காடு. அதன் மேல் பத்துப் பதினைந்து எலக்ட்ரான் வேறு. பதினொன்றா பன்னிரண்டா என்று பிரித்தறிய வழியே இல்லாமல் போகும். மங்கலாக, சோம்பேறித்தனமாக இறங்கும் துளியே வேண்டும், 15 முதல் 25 விநாடி எடுப்பதாக. அதற்கும் சிறியது கூடாது: காற்று மூலக்கூறுகள் மோதுவதால் வரும் பிரௌனியன் நகர்வு, அரை மைக்ரோமீட்டர் துளியையே 20 விநாடியில் 0.03 மி.மீ. அளவுக்கு அலைக்கழிக்கும். அரை மில்லிமீட்டர்ப் பாதையில் அது ஆறு விழுக்காடு. ஆகவே ஒரே துளியைப் புலத்தால் மேலே தூக்கி, விட்டு, மறுபடி தூக்கி, குறைந்தது பத்து முறை நேரம் எடுத்துச் சராசரி போட வேண்டும்.

இந்த ஊருக்கென்று ஒரு திருத்தமும் உண்டு. கையேடுகளில் காற்றின் பாகியல் எண் (துளியின் ஓட்டத்தைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) 20 டிகிரிக்குரியதாக, 1.82 × 10⁻⁵ பாஸ்கல் விநாடி என்ற அளவில் இருக்கும். சித்திரை வெயிலில் ஆய்வகம் 35 டிகிரியில் இருந்தால் அது சுமார் 1.89. மின்னூட்டம் பாகியல் எண்ணின் ஒன்றரை அடுக்கில் மாறுவதால், பழைய எண்ணைப் போட்டால் விடை ஏறத்தாழ ஆறு விழுக்காடு குறைந்து வரும். மில்லிகனின் 1913-ஆம் ஆண்டு மதிப்பே கூலும் கணக்கில் 1.592 × 10⁻¹⁹ என்று சற்றுக் குறைவாக இருந்ததற்கு, அவர் பயன்படுத்திய பாகியல் எண் பிசகியதே காரணம். இதைவிடப் பெரியது கன்னிங்ஹாம் திருத்தம். துளியின் ஆரம், காற்று மூலக்கூறுகளின் மோதல் இடைத்தூரத்தை விட வெகு பெரிதாக இல்லாததால், காற்றின் இழுவையைக் கணக்கிடும் ஸ்டோக்ஸ் விதி அப்படியே பொருந்தாது. அரை மைக்ரோமீட்டர் துளிக்கு இதை விட்டுவிட்டால் விடை 25 விழுக்காடு கூடிவிடும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். இரசமட்டம் வைத்துக் கருவியைச் சமன் செய்யுங்கள், இல்லையெனில் துளி பக்கவாட்டில் ஓடிப் பார்வையிலிருந்து மறையும். ஆவியாகாத கனிம எண்ணெய் வேண்டும். மில்லிகனே முதலில் தண்ணீர்த் துளியோடு மல்லாடி, அது கண்முன்னே கரைந்துபோவதைக் கண்டுதான் எண்ணெய்க்கு மாறினார்.

கணக்கில் நடக்கும் ஒரு சூதையும் கண்காணிக்க வேண்டும். கிடைத்த ஒவ்வொரு மின்னூட்டத்தையும் 1.6-ஆல் வகுத்து, பக்கத்து முழு எண்ணுக்கு உருட்டி, அந்த முழு எண்ணால் மறுபடி வகுத்துச் சராசரி எடுத்தால் எப்போதும் 1.6 தான் வரும். துளிக்குப் பதில் குலுக்கல் சீட்டை வைத்தாலும் வரும். இருபது முப்பது துளிகளின் மதிப்புகளை ஏறுவரிசையில் எண்கோட்டில் புள்ளியிட்டு, கொத்துகள் தாமாக விழுகின்றனவா, கொத்துகளுக்கு இடையிலான தூரம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்ப்பதே நேர்மையான வழி. 2019 மே 20 முதல் எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.602176634 × 10⁻¹⁹ கூலும் என்று வரையறையாகவே நிறுத்தப்பட்டுவிட்டது. அளந்து கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. கொத்துகளைக் கண்ணால் பார்ப்பதற்காகத்தான் இந்தச் சோதனை.

ஒளிமின் விளைவு: கடற்கரையில் பொய் சொல்லும் கருவி

பாடத்திட்டத்தில் இதற்குத்தான் முதல் மரியாதை. பாதரச விளக்கு, 365 முதல் 577 நானோமீட்டர் வரை வடிகட்டிகள், வெற்றிட ஒளிக்குழாய், நானோஆம்பியர் மீட்டர். ஒளியின் அதிர்வெண்ணுக்கு எதிராக, வெளியேறும் எலக்ட்ரான்களை முழுக்க நிறுத்தத் தேவையான நிறுத்து மின்னழுத்தத்தை வரைந்தால் சாய்வு 4.136 × 10⁻¹⁵ வோல்ட் விநாடி வர வேண்டும். இரு கோடி அலைநீளங்களுக்கு இடையே வித்தியாசம் சுமார் 1.25 வோல்ட், சாதாரண மீட்டரே போதும்.

சிக்கல் மின்னோட்டத்தில். குழாயின் அடிப்பகுதியில் ஈரமும் உப்பும் சேர்ந்து மின்தடை 10¹⁰ ஓமுக்கு வந்தால், ஒரு வோல்ட்டுக்கு 0.1 நானோஆம்பியர் எதிர்த்திசையில் கசியும். நிறுத்து மின்னழுத்தத்துக்கு அருகில் ஒளிமின்னோட்டமும் அதே அளவுதான். எனவே மீட்டர் சுழி காட்டும் இடம் உண்மையான நிறுத்து மின்னழுத்தத்துக்கு முன்பாகவே வந்துவிடும். அத்தோடு முடிந்தால் பரவாயில்லை. கசிவு ஒளியின் செறிவோடு மாறாது, ஒளிமின்னோட்டம் மாறும். விளக்கைத் தள்ளி வைத்து ஒளியைக் குறைத்தால் சுழி காட்டும் இடம் இன்னும் கீழே இறங்கும். மாணவர் என்ன எழுதுவார்? ஒளிச்செறிவு கூடினால் எலக்ட்ரானின் ஆற்றல் கூடுகிறது என்று. 1905-இல் ஐன்ஸ்டைன் மறுத்த செவ்வியல் எதிர்பார்ப்பு அச்சு அசலாக அதுதான். குவாண்டம் கொள்கையை நிறுவ வாங்கிய கருவி, ஈரமான நாளில் அதற்கு எதிர்ச்சாட்சி சொல்லும்.

குளிர்சாதன அறையில் ஒரு மணி நேரம் முன்பே வைத்து, குழாயின் அடியை ஆல்கஹாலில் துடைத்து, ஒளியை முழுக்க மூடி வெறும் கசிவை ஒவ்வொரு வோல்ட்டிலும் அளந்து கழித்தால் நம்பத்தக்க விடை வரும். விளக்கைப் போட்டு 15 நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும். புற ஊதாக் கதிர் இருப்பதால் விளக்கை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. இன்னொன்று: கோடு அச்சை வெட்டும் இடத்திலிருந்து கேத்தோடின் வெளியேற்று ஆற்றலை (எலக்ட்ரானை உலோகத்திலிருந்து பிடுங்கத் தேவையான ஆற்றலை) கணக்கிடச் சொல்லும் கையேடுகள் தவறு செய்கின்றன. இரு மின்முனைகளுக்கும் இடையிலான தொடு மின்னழுத்தம் உள்ளே வருவதால், அந்த வெட்டுப்புள்ளி தருவது ஆனோடின் வெளியேற்று ஆற்றலை. சாய்வை மட்டும் நம்புங்கள்.

எல்இடி விளக்குகள் ஒளிரத் தொடங்கும் வோல்ட்டைக் கொண்டு பிளாங்க் மாறிலி காணும் மலிவுச் சோதனை ஈரத்தால் கெடாது. ஆனால் ஒளிரத் தொடங்குவது என்பதை எந்த மின்னோட்டத்தில் வைத்துக்கொள்கிறோமோ அதற்கேற்ப விடை நகரும். வெள்ளை எல்இடியைச் சேர்க்கவே கூடாது. அது மஞ்சள் பாஸ்பர் பூசிய நீல எல்இடி. வகுப்பில் அரைமணி நேரத்துக்கு நன்றாகப் போகும், அவ்வளவே.

செனார் இணை: சில ரூபாயில் இரண்டு இயற்பியல்

செனார் டையோடின் வோல்ட்–ஆம்பியர் வரைபடம் பிளஸ் டூ செய்முறையிலேயே இருக்கிறது. வரைபடத்தைப் போட்டுவிட்டு டையோடைப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். அதே டையோடைச் சூடாக்கிப் பார்த்தால் மின்புலத்தில் மின்னூட்டம் நடந்துகொள்ளும் இரண்டு விதமும் அடுத்தடுத்துத் தெரியும்.

12 வோல்ட் டையோடில் நடப்பது சரிவு முறிவு. புலம் எலக்ட்ரானை முடுக்குகிறது, அது போதிய ஆற்றல் சேர்த்துக்கொண்டு படிக அணுவை மோதி இன்னொரு எலக்ட்ரானை விடுவிக்கிறது, இரண்டு நான்காகிறது. வான் டி கிராஃபின் தீப்பொறியும் இதே இயங்குமுறைதான், அங்கே காற்றில், இங்கே சிலிக்கனில். 3.3 வோல்ட் டையோடில் அப்படி இல்லை. அதன் இயக்கமில்லாப் பகுதி (சந்தியில் நகரும் மின்னூட்டம் இல்லாத அடுக்கு) சில பத்து நானோமீட்டர்தான் என்பதால் மின்புலம் மீட்டருக்கு 10⁸ வோல்ட் அளவுக்கு ஏறுகிறது. சிலிக்கனில் பிணைந்த எலக்ட்ரான் விடுபடத் தாண்ட வேண்டிய 1.12 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இடைவெளி இவ்வளவு புலத்தில் வெறும் 11 நானோமீட்டர் தடிமனுள்ள தடுப்பாகச் சுருங்கிவிடும். ஏறிக் கடக்க ஆற்றல் இல்லாத எலக்ட்ரான் அதை ஊடுருவி மறுபுறம் வருகிறது. செவ்வியல் இயற்பியலில் இதற்கு வாய்ப்பு சுழி. காற்று முறியும் புலத்தில் அதே தடுப்பு 370 நானோமீட்டர் இருக்கும். ஊடுருவும் வாய்ப்பு தடிமனோடு அடுக்குக்குறியாகக் குறைவதால் அங்கே பேச்சுக்கே இடமில்லை. கிளாரன்ஸ் செனார் 1934-இல் முன்வைத்தது இந்த ஊடுருவலைத்தான். கடையில் செனார் என்று விற்கும் 12 வோல்ட் டையோடில் செனார் சொன்னது நடப்பதில்லை என்பது வேடிக்கை.

சூடாக்கினால் இரண்டும் எதிரெதிராகப் போகும். வெப்பத்தில் படிகம் அதிகம் அதிர்கிறது. முடுகி ஓடும் எலக்ட்ரான் வழியிலேயே அடிக்கடி மோதி ஆற்றலை இழக்கிறது. சரிவைத் தொடங்கக் கூடுதல் வோல்ட் தேவைப்படுகிறது. ஊடுருவலில் ஓட்டம் இல்லை, மோதலும் இல்லை. வெப்பத்தில் ஆற்றல் இடைவெளி சற்றே சுருங்குவதால் தடுப்பு மெலிந்து, குறைந்த வோல்ட்டே போதுமாகிறது. 12 வோல்ட் டையோடு டிகிரிக்கு ஏறத்தாழ 8 மில்லிவோல்ட் ஏறும்; 3.3 வோல்ட் டையோடு சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். 30-இலிருந்து 80 டிகிரிக்குப் போனால் முதலாவது 0.4 வோல்ட் கூட, இரண்டாவது 0.1 வோல்ட் குறைய, சாதாரண மல்டிமீட்டரிலேயே தெரியும். நடுவில் 5.1 அல்லது 5.6 வோல்ட் டையோடு ஒன்றையும் வையுங்கள். அதில் இரண்டு முறிவும் கலந்து நடப்பதால் மீட்டர் அசைந்தால் அதிசயம்.

செய்முறை இது. 1என்4728ஏ, 1என்4733ஏ, 1என்4742ஏ (முறையே 3.3, 5.1, 12 வோல்ட்) என்ற மூன்று டையோடுகள். எல்எம்317 ஐசியின் வெளியீட்டுக் காலுக்கும் சரிசெய் காலுக்கும் இடையே 120 ஓம் மின்தடை போட்டால் அது 10 மில்லிஆம்பியர் மாறா மின்னோட்டம் தரும். உள்ளே 18 முதல் 24 வோல்ட் நேர்மின்னோட்டம். டையோடின் பட்டை போட்ட முனை நேர் பக்கம். கால்களில் கம்பி பற்றவைத்து, தேங்காய் எண்ணெய் நிரப்பிய சோதனைக் குழாயில் டையோடையும் வெப்பமானியையும் இறக்கி, குழாயை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்துங்கள். நேராகத் தண்ணீரில் இறக்கினால், முன்பு புகழ்ந்த அதே போர் தண்ணீர் டையோடுக்குப் பக்கத்தில் தனிப் பாதை போட்டுவிடும். பத்து டிகிரிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் பொறுத்துக் குறியுங்கள். ஏறும்போதும் எடுங்கள், ஆறும்போதும் எடுங்கள்.

மாறா மின்னோட்டத்தைச் சிக்கனம் பார்த்து விட்டுவிட்டால் 3.3 வோல்ட் அளவீடு கெடும். அந்த டையோடின் வளைவு மொண்ணையானது. மின்னோட்டம் ஒரு மில்லிஆம்பியர் நகர்ந்தாலே பல பத்து மில்லிவோல்ட் மாறும், அதாவது நாம் தேடும் விளைவின் அளவுக்கே. 3.3 என்ற மதிப்பும் 76 மில்லிஆம்பியருக்குரியது. 10 மில்லிஆம்பியரில் 3 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் டையோடு போலி என்று தூக்கி எறிய வேண்டாம்.

மிக மோசமான தவறு முனை மாறுவது. நேர்ச்சார்பில் எந்தச் சிலிக்கன் டையோடும் 0.7 வோல்ட் காட்டி, சூட்டில் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் இறங்கும். இறங்குவதை மட்டும் பார்த்துவிட்டு ஊடுருவலைக் கண்டோம் என்று எழுதிய பதிவேட்டில் முதல் வரியின் வோல்ட் 0.7 ஆக இருந்தால் அந்தப் பக்கம் முழுக்கச் செல்லாது.

நேரம் இருந்தால் ஒரு கூடுதல். 12 வோல்ட் டையோடின் மின்னோட்டத்தை, எல்எம்317-ஐ எடுத்துவிட்டுப் பெரிய மின்தடை போட்டு, 0.1 மில்லிஆம்பியர் அளவுக்குக் குறையுங்கள். 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியாக ஒரு சிறு ஒலிபெருக்கிச் சுற்றுக்குக் கொடுத்தால் இரைச்சல் கேட்கும். ஒவ்வொரு சரிவும் தன்னிச்சையாகத் தொடங்குவதால் வரும் இரைச்சல் அது. 3.3 வோல்ட் டையோடை மாற்றிப் போட்டால் ஏறக்குறைய அமைதி.

சரிவு முறிவிலும் ஆற்றல் இடைவெளி என்ற குவாண்டம் சரக்கு ஒளிந்திருக்கிறது என்று விவரமறிந்தவர்கள் குறுக்கிடலாம். உண்மைதான். ஆனால் எலக்ட்ரான் எப்படிப் புலத்தில் ஓடுகிறது, எப்படி மோதுகிறது என்ற கதை செவ்வியல் மொழியிலேயே முழுதாகச் சொல்லப்படக்கூடியது. ஊடுருவலுக்கு அந்த மொழியில் சொல்லே கிடையாது. புலத்தின் அளவைப் பாருங்கள்: நல்ல வெயில் நாளில் திறந்த வெளியில் மீட்டருக்கு நூறு வோல்ட் அளவு, தட்டில் சில பத்து வோல்ட், தீப்பொறியில் 3 × 10⁶, 3.3 வோல்ட் டையோடில் 10⁸, ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரான் இருக்கும் தூரத்தில் 5 × 10¹¹. 10⁸ என்பது பள்ளி மேசை மேல் எட்டக்கூடிய உச்சம். அதையும் ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டைக் கொண்டே எட்டிவிடலாம்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. உதிரிபாகக் கடைகளில் பொட்டலம் மாறிக் கிடக்கும். சிவந்த கண்ணாடி உடலோடு எல்லா டையோடும் ஒன்றுபோலவே தெரியும், எழுத்தைப் படிக்க உருப்பெருக்கி வேண்டும். வகைக்குப் பத்தாக வாங்கி, 10 மில்லிஆம்பியரில் ஒவ்வொன்றையும் அளந்து, வோல்ட்டைச் சீட்டில் எழுதி ஒட்டி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். கால்கள் கறுத்துப்போனால் பற்றவைப்பு பிடிக்காது. உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துவிட்டால் போதும்.